வெளுத்துப் போன ஏழாம் ஃபோல்டர்!

"எங்கடா ஏழாம் நம்பர்? கொன்னுட்டியா?"

"சார்... சத்தியமா நான் தொடவே இல்லை சார்!"

"தொடலையா? கார்த்தால நான் பார்க்கறச்சே உசிரோட இருந்தது. அப்புறம் வெளுத்தது. அப்புறம் காணும்! நடுவுல இந்த ஆத்துக்குள்ள வந்தவன் நீ ஒருத்தன்தான்!"

"தயிருக்கு உறை வாங்க வந்தேன் சார்..."

"உறை வாங்க வந்தவனுக்கு கம்ப்யூட்டர் பக்கம் என்னடா வேலை!"

ஜனவரி மாத ஞாயிற்றுக்கிழமை. டில்லி முனிர்கா டி.டி.ஏ. குடியிருப்பு. எதிர் பால்கனி தெரியாத அளவுக்குப் பனிமூட்டம்.

கண்ணுக்குத் தெரியாவிட்டால் என்ன? காதுக்குக் கேட்டது!

அந்தக் குளிரிலும் பிளாக்கில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. வீடு தேடி வருகிற சண்டையைக் குளிருக்குப் பயந்து கோட்டை விடுகிறவர்கள் நம் பிளாக்கில் கிடையாது.

கத்தியவர் சங்கரநாராயணன். மத்திய அரசு அமைச்சகம் ஒன்றில் செக்‌ஷன் ஆஃபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர். அமைச்சகம் அவரை விட்டுவிட்டது. அவர்தான் அமைச்சகத்தை விடவில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு ஃபோல்டர், ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு நம்பர். மிக்ஸி ரிப்பேருக்குக்கூட நம்பர் உண்டு!

திட்டு வாங்கியவன் ஷ்ரவண். திருச்சிப் பையன். நொய்டாவில் கம்ப்யூட்டர் வேலை. அதே வீட்டின் பர்சாத்தியில், அதாவது மொட்டை மாடி அறையில், வாடகைக்கு இருப்பவன். கையில் இன்னும் உறை தயிர்க் கிண்ணம்.

கொலை செய்யப்பட்டது...

ஒரு ஃபோல்டர்!

சிரிக்காதீர்கள். அந்த ஏழாம் நம்பர் ஃபோல்டருக்குள் இருந்தது அவருடைய ஒரே மகள் அபூர்வாவின் ஜாதகம். பெண் பார்க்கும் கோஷ்டியோ குருகிராமில் இருந்து காரில் கிளம்பியாகிவிட்டது!

அடுக்களையில் இருந்து போண்டா மாவுக் கையோடு வந்தாள் சாவித்திரி. திருமதி சங்கரநாராயணன்.

"என்னன்னா இது? பிளாக் பூரா கேக்கறது. மெதுவாச் சொல்லுங்கோ."

"மெதுவாச் சொல்ற விஷயமாடி இது? கம்ப்யூட்டரைப் பாக்கறேன். எல்லா ஃபோல்டரும் மஞ்சளா, லட்சணமா இருக்கு. ஏழாம் நம்பர் மட்டும் ரத்தம் செத்துப் போய் வெளுத்துக் கிடக்கு! கூட இன்னும் நாலஞ்சும் வெளுத்திருக்கு. உன்னைக் கூப்பிட அடுக்களைக்கு ஓடி வந்தேன். திரும்பிப் போய்ப் பார்த்தா..."

"பார்த்தா?"

"காணும்! ஒண்ணு கூட காணும்!"

ஷ்ரவண் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

இருக்கவில்லை.

"சார், அது யாரோ கட் பண்ணியிருக்காங்க. கட் பண்ணா ஃபோல்டர் மங்கலாத்தான் தெரியும். வேற இடத்துல பேஸ்ட் பண்ணதும் இங்கேர்ந்து போயிடும். பென் டிரைவ்ல போட்டு எடுத்துட்டுப் போயிருக்காங்க."

"கேட்டியாடி!" சங்கரநாராயணன் துள்ளினார். "கொலை எப்படி நடந்ததுன்னு புட்டுப் புட்டு வெக்கறான்! செஞ்சவனுக்குத்தானே தெரியும்!"

"சார், இது எல்லாருக்கும் தெரியும் சார்!"

"எனக்குத் தெரியாதே!"

அப்போது...

கூடத்து சோபாவில் விரிந்து கிடந்த நியூஸ்பேப்பர் மெல்லக் கீழே இறங்கியது. அதன் பின்னால் இருந்து ஒரு குரங்குக் குல்லாய் எழுந்தது.

வைத்தி!

அடுத்த பிளாக் ஆசாமி. சங்கரநாராயணனோடு ஒரே செக்‌ஷனில் எதிரெதிர் மேஜையில் ஒரு ஆயுளையே ஓட்டியவர். கடைசிக் காலத்தில் ஏதோ ஒரு புலனாய்வு அலுவலகத்துக்கு மாற்றலாகிப் போனார். அங்கே அவர் பார்த்தது தபால் பிரிவு. ஆனாலும் அன்றிலிருந்து அவர் துப்பறியும் நிபுணர். தினமும் காலையில் இந்த வீட்டுக்கு வருவார். காபி குடிப்பார். பேப்பர் படிப்பார். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எண்ணும்போது அவரை யாரும் எண்ணுவதில்லை.

"சங்கரா! யாரும் எதையும் தொடாதீங்கோ. இது இனிமே குற்றம் நடந்த இடம்."

"வைத்தி, நீதாண்டா கண்டுபிடிக்கணும்!"

"அச்சா... சிவப்பு நாடா இருக்கா?"

சங்கரநாராயணன் வீட்டில் உப்பு தீர்ந்து போகும். சிவப்பு நாடா தீராது.

வைத்தி மானிட்டரைச் சுற்றி நாடாவைக் கட்டி முடிச்சுப் போட்டார். சாவித்திரியின் பவுடர் டப்பாவை வாங்கி மவுஸ் மேல் கொட்டினார். பூதக்கண்ணாடியோடு குனிந்தார்.

"ரேகை தெரியறது..."

"யாரோடது?" மூன்று குரல்கள்!

"ஹச்ச்ச்!"

பவுடர் பறந்தது. ரேகை போயிற்று. ஷ்ரவணின் தயிர் மட்டும் இன்னும் கொஞ்சம் வெளுத்தது.

"ரேகையைத் திருடன் சாமர்த்தியமா அழிச்சுட்டான்," என்றார் வைத்தி.

டிரிங்ங்... டிரிங்ங்...

போன்!

சங்கரநாராயணன் ஸ்பீக்கரை அழுத்தினார்.

"மாமா, நான் ருக்மிணி பேசறேன்." பையனின் அம்மா. "தௌலா குவான் கிட்ட வந்துண்டிருக்கோம். பனி சனியன் ஒண்ணும் தெரியலை. ஜாதகத்தை ரெடியா திறந்து வெச்சுக்கோங்கோ. வந்ததும் பொருத்தம். அப்புறம்தான் போண்டா."

"அது... மாமி... கம்ப்யூட்டர் கொஞ்சம்..."

"என்ன கொஞ்சம்? ஜாதகம் இருக்கோன்னோ? நல்ல காரியத்துக்கு வரச்சே ஜாதகம் காணும்னா, வாசப்படி மிதிக்காம வண்டியைத் திருப்பிடுவேன். இருக்கா, இல்லையா?"

"இ... இருக்கு மாமி! பேஷா இருக்கு!"

போனை வைத்தவர் நாற்காலியில் சரிந்தார்.

"அசல் ஜாதகம் எங்கேன்னா?" என்றாள் சாவித்திரி.

"ஸ்கேன் பண்ணினப்புறம் அசல் எதுக்குடி? பழைய காகிதம் கழிக்கற விதிப்படி எடைக்கு வாங்கற கபாடிக்காரனுக்குப் போட்டுட்டேன்."

"பொண்ணோட ஜாதகத்தையா?"

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதாண்டி!"

இத்தனை கூத்தும் நடக்கும்போது கதாநாயகி எங்கே?

படிக்கட்டுக்குப் பின்னால்!

அபூர்வா. டில்லியில் பிறந்து டில்லியில் வளர்ந்தவள். டிவி சேனல் ஒன்றில் வேலை. தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னால் ஓடிவிடுவாள். பட்டுப் புடவையும் அதன் மேல் ஸ்வெட்டருமாக ஷ்ரவணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அங்கே நின்றாள்.

ஒரு தகவலை இங்கே சொல்லியாக வேண்டும். மாடி வாட்டர் டேங்க்குக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டாரின் சுவிட்ச் பர்சாத்தி வாசலில் இருக்கிறது. தினமும் காலையில் ஷ்ரவண் மோட்டார் போடுவான். டேங்க் நிரம்பும். நிரம்பி வழியும். நிறுத்தச் சொல்ல அபூர்வா மாடிக்குப் போவாள். மோட்டார் நின்றுவிடும்.

அபூர்வாதான் இறங்க மாட்டாள்.

இது நம் பிளாக்கில் புறாக்களுக்குக்கூடத் தெரியும். சங்கரநாராயணனுக்குத் தெரியாது.

"நீ எடுத்தியா?" என்றாள் அபூர்வா கிசுகிசுப்பாக.

"இல்லடி! நீ?"

"பாகல் ஹோ க்யா? பைத்தியமா நீ? எல்லா ஃபோல்டரும் தமிழ்ல இருக்கு. எனக்கு எது ஜாதகம், எது மிக்ஸின்னே தெரியாது."

"சரி, யாரோ புண்ணியவான் எடுத்தான். ஜாதகம் இல்லைன்னா அவங்க திரும்பிப் போயிடுவாங்க. உனக்கு நல்லதுதானே?"

"எனக்கு நல்லது. உனக்கு? சாயங்காலத்துக்குள்ள அப்பா உன்னை வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவா. திருடன்னு பேர் வேற. அப்புறம் எந்த மூஞ்சியோட உன்னைப் பத்திப் பேசறது? ஏற்கெனவே ஒரு தடவை சும்மா கேட்டுப் பாத்தேன்..."

"என்ன சொன்னார்?"

"குடியிருக்கறவனை மாப்பிள்ளை ஆக்கினா, அப்புறம் அவனைக் காலி பண்ணச் சொல்ல முடியுமான்னார்."

ஷ்ரவண் தயிர்க் கிண்ணத்தைப் பார்த்தான்.

ஃபோல்டர் கிடைக்காவிட்டால் அவன் திருடன். கிடைத்துவிட்டால் அவள் குருகிராம் மருமகள்.

"நான் திருடனாவே இருந்துக்கறேன்," என்றான் அவன்.

"வாயை மூடு," என்றாள் அவள். "திருடனைக் கண்டுபிடிக்கறேன். மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்."

கூடத்தில் விசாரணை சூடு பிடித்திருந்தது.

"சந்தேகமே வேண்டாம் சங்கரா," என்றார் வைத்தி. "ஃபோல்டர் பேரெல்லாம் தமிழ்ல இருக்கு. அபூர்வாவுக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிஞ்சவன், கம்ப்யூட்டர் தெரிஞ்சவன், அந்த நேரத்துல உள்ள இருந்தவன்... மாடி ஆசாமிதான்!"

"அப்போ தாணாவுக்கு போன் பண்ணிடட்டுமா?"

"போலீஸா?" வைத்தியின் குல்லாய் சற்று ஆடியது. "போலீஸ் எதுக்குடா... பையன் வாழ்க்கை பாழாயிடும். மொதல்ல பொண்ணு பாக்க வரவாளை வேண்டாம்னு சொல்லிடு. அதான் அவசரம்."

"அப்பா!" அபூர்வா உள்ளே வந்தாள். "காணாமப் போனது எதெதுன்னு சரியாச் சொல்லுங்கோ."

சங்கரநாராயணன் நாடாவை ஒதுக்கிவிட்டுத் திரையில் எந்தெந்த நம்பர் விடுபட்டிருக்கிறது என்று பார்த்தார்.

"ஏழு, அபூர்வா. பன்னெண்டு, சோபா உறை. இருபத்திமூணு, கேஸ் சிலிண்டர். முப்பத்தொண்ணு, மாடி வாட்டர் டேங்க். நாப்பத்திரெண்டு, இரவல் நாற்காலி."

"சோபா உறையா?" ஷ்ரவண் குழம்பினான். "ஜாதகத்தைத் திருட வந்தவன் சோபா உறையை ஏன் சார் எடுக்கணும்?"

சங்கரநாராயணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

அவர் முகம் மாறியது. கண்கள் பனித்தன!

"இணைப்பு..." என்றார்.

"என்ன இணைப்பு?"

"ஒரு ஃபைல் தனியா நகரக் கூடாதுடா. அதோட சம்பந்தப்பட்ட ஃபைல் எல்லாம் சேர்ந்துதான் மேல போகணும். அதான் எங்க செக்‌ஷன் வழக்கம். பொண்ணு பாக்க வந்தா சோபாவுக்கு உறை மாத்தணும். சிலிண்டர் இருக்கணும். நாற்காலி கடன் வாங்கணும். அதனால அந்த ஃபோல்டர் பேர் ஒவ்வொண்ணுலயும் 'ஏழுடன் செல்க'ன்னு எழுதி வெச்சேன். இந்தத் திருடன்... அதை மதிச்சிருக்கான்! ஒண்ணையும் விடலை! இந்தக் காலத்துல யாரு இப்படி எடுக்கறா?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு லேசாக நெற்றியைச் சுருக்கினார்.

"வாட்டர் டேங்க்கையும் நானா இணைச்சேன்? ஞாபகம் இல்லையே... சரி, இணைச்சிருப்பேன்."

சாவித்திரி போண்டா மாவைக் கவனிக்க அவசரமாக உள்ளே போனாள்.

அபூர்வா அப்பாவைப் பார்க்கவில்லை. சோபாவில் இருந்த குரங்குக் குல்லாயைப் பார்த்தாள்.

குல்லாய்க்குள்ளே இருந்த முகத்தில்...

பெருமை!

யாரோ முதுகில் தட்டிக்கொடுத்ததைப் போன்ற ஒரு சின்னப் புன்னகை. வந்த வேகத்தில் மறைந்தது.

அபூர்வா தொண்டையைச் செருமினாள்.

"ஷ்ரவண், நீதான் திருடன்னு வெச்சுக்கோ. எப்படி செலக்ட் பண்ணுவே?"

"நானா? கன்ட்ரோல் ஏ. எல்லாத்தையும் மொத்தமா அள்ளிட்டுப் போய் ரூம்ல நிதானமாப் பாப்பேன்."

"ஒண்ணே ஒண்ணு போதும்னா?"

"அது மேல ஒரு கிளிக். முடிஞ்சது."

"வரிசையா பத்து வேணும்னா?"

"முதல் ஃபோல்டர் மேல ஒரு கிளிக். ஷிஃப்டை அழுத்திட்டு கடைசி ஃபோல்டர் மேல ஒரு கிளிக். நடுவுல இருக்கறதெல்லாம் தானா வந்துடும்."

"இவன் என்ன பண்ணியிருக்கான்?"

ஷ்ரவண் திரையைப் பார்த்துச் சிரித்தான்.

"மேல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, கீழ் மூலைல ஒண்ணு. கன்ட்ரோலை அழுத்திப் பிடிச்சுட்டு, தேடித் தேடி ஒவ்வொண்ணா கிளிக் பண்ணியிருக்கான். கன்ட்ரோல்லேர்ந்து விரல் நழுவினா எல்லாம் போயிடும், மறுபடி முதல்லேர்ந்து! வீட்டுக்காரர் எப்ப வருவாரோன்னு உதறிட்டே, இரவல் நாற்காலியைத் தேடியிருக்கான்!"

"அச்சா, அப்போ அவன் ஒரு..."

"லூசு!"

சோபா கிரீச்சிட்டது.

"அதுவும் சாதா லூசு இல்லை," என்றாள் அபூர்வா. "கை நடுங்கி, கண்ணு தெரியாம, எதையோ எதையோ அமுக்கின ஒரு அரைகுறை. ஆஃபீஸ்ல வேலை பாத்திருந்தா பியூன்கூட சிரிச்சிருப்பான்."

"அரைகுறையா!"

வெடித்தது குரல்!

வைத்தி எழுந்து நின்றார். குல்லாய் ஒரு காதில் தொங்கியது. முகம் சிவந்திருந்தது.

"யாரு அரைகுறை? இணைப்பு இல்லாம ஃபைலை எடுக்கறவன்தாண்டி அரைகுறை! அஞ்சும் அஞ்சு மூலைல இருந்தது. ரெண்டு தடவை விரல் நழுவித்து. ரெண்டு தடவையும் முதல்லேர்ந்து ஆரம்பிச்சேன்! இவன் வர சத்தம் காதுல விழறது. ஆனாலும் நாற்காலியை விட்டேனா? சிலிண்டரை விட்டேனா? கட் பண்ணிட்டு சோபாவுக்கு வந்தேன், இவன் அடுக்களைக்கு ஓடினதும் போய் பேஸ்ட் பண்ணினேன்! கன்ட்ரோல் ஏவாம்! அள்ளிண்டு போவானாம்! அதுக்குப் பேர் செலக்‌ஷனா? அது குப்பை வாரறது!"



வெளியே ஜன்னல்கள் இன்னும் அகலமாகத் திறந்தன.

"வைத்தி..." சங்கரநாராயணனின் குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது. "நீயாடா?"

வைத்தி அப்போதுதான் தன் காதில் தன் வார்த்தையைக் கேட்டார்.

உட்கார்ந்தார்.

"ஆமாண்டா. நான்தான்."

"ஏண்டா?"

"போன வாரம் நீ என்ன சொன்னே? இந்தச் சம்பந்தம் முடிஞ்சா ஃப்ளாட்டை வித்துட்டு, பொண்ணு பக்கத்துலயே குருகிராம் போயிடுவேன்னு சொன்னியா இல்லையா? நான் கார்த்தால எங்கேடா போவேன்? என் ஆத்துல காபி குடுப்பா. குடிச்சதும் டம்ளரை வாங்கிண்டு போயிடுவா. யார்கூட நம்ம பழைய அண்டர் செக்ரட்டரியைத் திட்டறது? அவனைத் தெரிஞ்சவா இந்த டில்லியில உன்னையும் என்னையும் தவிர யார்டா மிச்சம்?"

சங்கரநாராயணன் மெதுவாக நடந்து வந்தார். கையை ஓங்கினார்...

வைத்தியின் தோளில் வைத்தார்.

"இருந்தாலும் இணைப்பை விடலை பாரு. நீ மனுஷன்டா."

"நீ எழுதி வெச்சதை நான் மதிக்காம யார்டா மதிப்பா?"

வைத்தி குல்லாயைக் கழற்றினார். உள்ளிருந்து ஒரு பென் டிரைவ் மேஜையில் விழுந்தது.

சங்கரநாராயணன் ஷ்ரவண் பக்கம் திரும்பினார். "உன் மேல சந்தேகம் வாபஸ். உத்தரவை எழுத்துல அப்புறம் தரேன்."

"பரவாயில்லை சார்..."

அபூர்வா அவனைப் பார்த்தாள். அவன் பென் டிரைவைப் பார்த்தான். அவன் பெயர் மீண்டுவிட்டது. கூடவே அவள் ஜாதகமும் மீண்டுவிட்டது.

டிங் டாங்!

வாசல் மணி!

ருக்மிணி பனியோடு உள்ளே நுழைந்தாள். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய மல்லிகையை சாவித்திரியிடம் கொடுத்தாள். பின்னால் மாப்பிள்ளைப் பையன் அர்விந்த். வந்ததில் இருந்து போனை விட்டுத் தலை நிமிரவில்லை.

"அது என்ன மாமா, டிவிக்கு சிவப்பு ரிப்பன்?"

"அது... விசேஷத்துக்குக் கட்டினது மாமி."

"நல்ல வழக்கமா இருக்கே! சரி, பொருத்தம் பாருங்கோ. ஜல்தி."

சங்கரநாராயணன் பென் டிரைவைச் செருகினார். நேரு பிளேஸில் வாங்கிய பொருத்தம் பார்க்கும் சாஃப்ட்வேரைத் திறந்தார். எந்த ஃபோல்டரைக் காட்டினாலும் அதற்குள் இருக்கும் ஜாதகத்தைத் தேடி எடுத்து, ஒரு பெண் குரலில் முடிவைப் படிக்கும் சாஃப்ட்வேர். பெயர் புரியாவிட்டால் ஃபோல்டர் பெயரையே சொல்லிவிடும்.

"அப்பா, ஏழாம் நம்பரை மட்டும் செலக்ட் பண்ணுங்கோ. அர்விந்த் ஜாதகமும் அதுக்குள்ளதானே இருக்கு," என்றாள் அபூர்வா, ஷ்ரவணைப் பார்க்காமல்.

"தனியாவா? இவ்வளவு நடந்தப்புறமுமா?" அவர் வைத்தியை ஒரு தடவை பார்த்தார். வைத்தி தலையசைத்தார். "இணைப்போட!"

கன்ட்ரோல்... ஏ!

ஐந்து ஃபோல்டரும் நீலமாயின. பட்டனைத் தட்டினார். குரல் பேசியது.

"மணமகள், அபூர்வா. மணமகன், அர்விந்த். பத்துக்கு மூன்று."

ருக்மிணியின் புருவம் ஏறியது.

"மணமகள், அபூர்வா. மணமகன், சோபா உறை. ஜாதகம் கிடைக்கவில்லை."

"என்னது?"

"மணமகள், அபூர்வா. மணமகன், கேஸ் சிலிண்டர். ஜாதகம் கிடைக்கவில்லை."

"மாமா, என்ன நடக்கறது இங்க?"

"மணமகள், அபூர்வா. மணமகன், மாடி வாட்டர் டேங்க்..."

குரல் ஒரு கணம் நின்றது. சின்னதாக ஒரு நாதஸ்வரம் ஒலித்தது!

"பத்துக்குப் பத்து. சுபமஸ்து!"

கூடமே வாயைப் பிளந்தது.

"வாட்டர் டேங்க்கா!" ருக்மிணி வீறிட்டாள். "என் பிள்ளைக்கு மூணு, தண்ணித் தொட்டிக்குப் பத்தா?"

"மாமி, அது சாஃப்ட்வேர் ஏதோ..."

"மணமகள், அபூர்வா. மணமகன், இரவல் நாற்காலி..."

"நிறுத்துங்கோ! நாற்காலிக்கு எவ்வளவுன்னு கேக்க நான் வரலை!"

அர்விந்த் முதன்முறையாக நிமிர்ந்தான். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"மம்மி, பத்துக்குப் பத்து. வாட்டர் டேங்க்கோட நம்மால காம்பீட் பண்ண முடியாது. சலோ."

போண்டா வருவதற்குள் இருவரும் போய்விட்டார்கள். மல்லிகையையும் மறக்காமல் எடுத்துக்கொண்டாள் ருக்மிணி.

சங்கரநாராயணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாட்டர் டேங்க்குக்கு ஏதுடி ஜாதகம்?"

முப்பத்தொன்றாம் ஃபோல்டரைத் திறந்தார். மோட்டார் பில். பைப் மாற்றிய ரசீது. அடுத்ததாக...

ஒரு ஜாதகம்!

மேலே பேனாவில் கிறுக்கிய பெயர்: ஷ்ரவண்!

"குடி வரவாகிட்ட எல்லாம் ஜாதகம் வாங்கறது உங்க வழக்கம்தானே," என்றாள் சாவித்திரி. "மோட்டார் போடறது ஷ்ரவண் பொறுப்புன்னு டேங்க் ஃபைல்ல போட்டேள்."

"போட்டேன். ஆனா அதை ஏழாம் நம்பரோட இணைச்சது யாரு? நான் இல்லையே!"

சாவித்திரி புடவைத் தலைப்பில் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"மழைக்காலத்துலேர்ந்து டேங்க் வழியறது. நிறுத்தப் போற பொண்ணு இறங்கறதே இல்லை. உங்களுக்குத் தெரியலை. எனக்கும் கொஞ்சம் ஃபைல் வேலை தெரியும்னா. இணைப்பு ஏற்கெனவே இருந்தது. நான் பேரைத்தான் மாத்தினேன்."

அபூர்வா தலை குனிந்தாள். ஷ்ரவண் கிண்ணத்தைக் கீழே போட்டான்.

சங்கரநாராயணன் ஜாதகத்தையும் ஷ்ரவணையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு கேள்விதான் அவரை உறுத்தியது.

"குடியிருக்கறவன் மாப்பிள்ளை ஆனா, காலி பண்ணச் சொல்ல முடியாதேடா வைத்தி?"

"முடியாதுதான்," என்றார் வைத்தி. "ஆனா நீயும் குருகிராம் போக வேண்டாம் பாரு."

சங்கரநாராயணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இணைப்போட வந்த ஃபைலைத் திருப்பி அனுப்பற வழக்கம் நம்ம செக்‌ஷன்ல கிடையாது. ஒப்புதல்!"

அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சொல்லாமல் விடுவோமா?

அபூர்வாவுக்கும் ஷ்ரவணுக்கும் அந்தச் சித்திரையிலேயே கல்யாணம் ஆயிற்று. ஹைதராபாத்தில் வேலை கிடைத்து இருவரும் கிளம்பிப் போய்விட்டார்கள். காலி பண்ணச் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. ரயில்வே ஸ்டேஷனில் சங்கரநாராயணன் அதைச் சொல்லித்தான் அழுதார். அர்விந்த் அன்று காரில் ஏறியதுமே போனில் பேசிய ஸ்நேஹாவைக் கட்டிக்கொண்டான். பத்துக்கு எத்தனை என்று கேட்கிற துணிச்சல் ருக்மிணிக்கு இல்லை.

சங்கரநாராயணன் முனிர்காவை விட்டு நகரவில்லை. காலியான பர்சாத்திக்கு வைத்தி குடும்பத்தோடு குடி வந்தார். மோட்டார் பொறுப்பும் அவருக்கே வந்தது.

மாடி டேங்க் இன்றும் தினமும் நிரம்பி வழிகிறது. நிறுத்தச் சொல்லப் போகிற சங்கரநாராயணன்தான் இப்போது இறங்குவதே இல்லை.

ஒரு நாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்த சாவித்திரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். கணவர் ஃபோல்டரின் பெயரை 'வைத்தியுடன் செல்க' என்று மாற்றினாள். கன்ட்ரோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு அதையும் வைத்தியின் ஃபோல்டரையும் செலக்ட் செய்தாள்.

பொருத்தம் மட்டும் பார்க்கவில்லை.

அவர்கள் இருவருக்கும் பத்துக்குப் பத்து வந்துவிட்டால், இத்தனை வருஷம் இந்த வீட்டில் இரவல் நாற்காலியாக இருந்தது யார் என்று தெரிந்துவிடுமே!